ஓர் இறக்கை முனையோடு வெள்ளிமலைக்கு

சனிக்கிழமை விடிகாலை ஓசூர் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டியின் நடத்துநர் என் மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்து, உள்ளே கண்ணாடியா என்று கேட்டார். அலுமினியம் என்றேன். விமானத்தின் இறக்கை என்று சொல்லியிருந்தால் இன்னும் பத்துக் கேள்வி வந்திருக்கும். கடைசி இருக்கையில் பெட்டிக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். தோளில் மாட்டிய பையில் ரிவெட் கன், டிரில், இரும்புக் கட்டிகள். மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் உலர்பனிக்கட்டிக்கு நடுவே, சின்ன டப்பாவில், ரிவெட்டுகள்.

ஓசூருக்கு வெளியே ஒரு தனியார் சேகரிப்பாளரின் கொட்டகையில் நான் தகடு வேலை செய்கிறேன். நான்கு வருஷமாக அங்கே ஒரே விமானம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை பறக்கவிட்ட ஜீரோ என்னும் சண்டை விமானம். எங்கோ ஒரு தீவின் சேற்றில் கிடந்து, கை மாறிக் கை மாறி வந்தது. எலும்புகளில் பாதி பழையவை. மேல்தோல் முழுக்க நாங்கள் புதிதாகப் போடுவது. அதன் இறக்கையின் நுனியில் அரை மீட்டர் மட்டும் மேல்நோக்கி மடியும். விமானந்தாங்கிக் கப்பலின் லிஃப்டில் இடிக்காமல் இறங்குவதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த இடப்பக்க நுனிதான் என் பெட்டியில் இருந்தது. இதில் ஒரு பக்கத் தகட்டில் கடைசி வரிசை ரிவெட் மட்டும் பாக்கி. வலப்பக்க நுனி இன்னும் தொடங்கவில்லை.

அந்த ஒரு வரிசைக்காக வெள்ளிமலைக்கு ஏறிப் போவானேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். தகட்டின் ஓட்டையில் ரிவெட்டைச் செருகி, வெளியிலிருந்து ஒருவர் காற்றில் ஓடும் கன்னால் தலையில் அடிப்பார். உள்ளே இன்னொருவர் அதன் வாலுக்கு ஓர் இரும்புக் கட்டியைக் கொடுத்துப் பிடிப்பார். அந்தக் கட்டிக்கு டாலி என்று பெயர். அடி விழ விழ வால் நசுங்கிப் பரந்து இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும். டாலி சாய்ந்தால் வால் வளையும். கன் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் தகடு குழியும். ஜீரோவின் தோல் சில இடங்களில் அரை மில்லிமீட்டர்தான். அந்த விமானத்தை இலேசாக்கவும் வேகமாக்கவும் முனைந்தவர்கள் உடம்பு முழுக்க ரிவெட் தலையைத் தகட்டோடு சமமாகப் படுக்க வைத்தார்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படக் கூடாது. எடை குறைக்க உள்ளே தோலைத் தாங்கும் விலா போன்ற சட்டம் ஒவ்வொன்றிலும் வட்ட ஓட்டைகள் போட்டார்கள். இறக்கை மூடியபின் உள்ளே கை விட நமக்கு இருக்கிற வழி அந்த ஓட்டைகள்தான்.

எங்கள் கொட்டகையில் கன் பிடிப்பவள் நான். உள்ளே டாலி பிடித்தவள் அஞ்சலை. திருநாவலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஐ.டி.ஐ. படித்து ஓசூருக்கு வந்தவள். ஒல்லிக் கை. கர்ப்பமாகி ஏழாம் மாதத்தில் வேலையை நிறுத்திக்கொண்டு, வெள்ளிமலையில் ஆசிரியராக இருக்கும் கணவரிடம் போய்விட்டாள். அவளுக்குப் பிறகு இரண்டு பேரை வைத்துப் பார்த்தோம். ஒருவருக்கு முழங்கைக்கு மேல் நுழையவில்லை. இன்னொருவர் பிடித்த டாலியில் நான்கு ரிவெட் வளைந்து, அவற்றைத் துளைத்து எடுத்ததில் விலாவில் இருந்த ரிவெட் ஓட்டைகள் பெரிதாகிவிட்டன. அந்த விலா அசல், எண்பது வருஷத்து உலோகம். இனி ஒரு முறை ஓட்டை பெரிதானால் விளிம்பு தாங்காது. விலாவையே மாற்ற வேண்டும்.

இதைப் பார்த்து எங்கள் பொறியாளர் ஒரு முடிவுக்கு வந்தார். திங்கட்கிழமைக்குள் ஆகாவிட்டால் கடைசி வரிசையை பாப் ரிவெட்டில் முடித்துவிடலாம் என்றார். பாப் ரிவெட்டுக்கு உள்ளே ஆள் வேண்டாம். வெளியிலிருந்தே இழுத்து இறுக்கிவிடலாம். பேருந்து, பெயர்ப்பலகை, கதவு, எல்லாவற்றிலும் அதுதான். காட்சிக்கு நிற்கிற விமானம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. தவறான கேள்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருஷம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு இந்த நுனியில் முப்பது சொச்சம் ரிவெட்டைப் பொய்யாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அஞ்சலையால் குழந்தையை விட்டு இறங்க முடியாது. ஆகவே வேலையை அவளிடம் எடுத்துப் போகிறேன் என்றேன். பொறியாளர், சேதமானால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

சேலத்தில் வண்டி மாறி, ஆத்தூர், சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வழியெல்லாம் மரவள்ளியும் கரும்பும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். பிறகு பெட்டியோடு ஆட்டோவில் கடைத்தெருவுக்குப் போனேன். கன்னுக்குப் போகும் காற்றுக் குழாயின் முனை, மலையில் அஞ்சலை கேட்டு வைத்திருந்த கம்ப்ரசருக்குச் சேருமா என்ற சந்தேகம் இருந்தது. இரும்புச் சாமான் கடையில் இருந்தவர் காதர் பாய், ஐம்பது வயதிருக்கும். என் கன்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை, எந்த ஊர்க் கம்ப்ரசர் என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

வெள்ளிமலையில் ஏழுமலையின் பங்க்சர் கடை என்றதும் இரண்டு மூன்று இணைப்புகளை எடுத்து வைத்தார். "அவன் கடைல இன்னா சைஸ் மரை இருக்குன்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா. மூணையும் எடுத்துக்கினு போ. எது சேருதோ வச்சிக்க, மத்தத எறங்கும்போது குடுத்துட்டுப் போ" என்றார். காற்றழுத்தத்தைக் கம்மியாக வைக்க ஒரு திருகும் கொடுத்தார். டயர்க் கடைக் காற்று ஜாஸ்தியாக வரும், உன் தகடு தாங்காது என்றார். அது உண்மை.

மலை பஸ் இரண்டரை மணிக்குப் புறப்பட்டது. கச்சிராயபாளையம் வரை சமவெளி. கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். வெள்ளிமலைக்கு மொத்தம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கி ஏறியது. எதிரே மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்றோம். பக்கத்தில் சந்தைக்குப் போய்த் திரும்பிய ஓர் அம்மாள். பெட்டியில் டிவியா என்று கேட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப மீதி எங்க கீது?" என்றார். ஓசூரில் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுத் தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டில் பாதி ரிவெட் உதிர்ந்து, அங்கங்கே போல்ட் போட்டு முறுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தொழில் பழக்கம்.

வெள்ளிமலையில் இறங்கியபோது நாலே முக்கால். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டின் மேல் மேகம் நின்றது. கடைகள், ஜீப்புகள், சாமை மூட்டை அடுக்கிய ஒரு கொட்டகை. அஞ்சலையின் கணவர் குமரவேல் குடையோடு நின்றிருந்தார். ரிஷிவந்தியத்துக்காரர், இங்கே மூன்று வருஷமாகக் கணக்கு வாத்தியார். பெட்டியின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து வீட்டுக்குப் போனோம்.

அஞ்சலை வாசலிலேயே இருந்தாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை யாழினி. என்னை விசாரிக்கும் முன்பே பெட்டியைத் திறக்கச் சொன்னாள். தெர்மாகோலில் பனிக்கட்டி நெல்லிக்காய் அளவுக்குக் குறைந்திருந்தது. இந்த ரிவெட்டுகளைச் சுட்டு மிருதுவாக்கி, உடனே குளிரில் போட்டு வைப்போம். குளிர் போனால் அவை தாமாகவே கெட்டியாகிவிடும். வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்துக்குள் அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தடுப்பூசிப் பெட்டி இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாமா என்றார் குமரவேல். "அதுல கொழந்தைங்க ஊசி வச்சிருப்பாங்க. அந்தப் பேச்சே வேணாம்" என்றாள் அஞ்சலை. அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், தெருமுனைக் கடையின் ஐஸ்கிரீம் பெட்டியில் அடியில் வைத்துவிட்டு வந்தார். கடைக்காரர் அதை யாருக்கும் விற்றுவிடக் கூடாதென்று குமரவேலே டப்பாமேல் பேர் எழுதி ஒட்டியிருந்தார்.

நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அஞ்சலை குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இறக்கை முனையைப் பாயில் நிமிர்த்தி வைத்து, விலா ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தாள். வளையலைக் கழற்றிப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவியதும் கை உள்ளே போனது. ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. திரும்பாத மணிக்கட்டால் டாலியை நேராகப் பிடிக்க முடியாது. பிள்ளை பெற்ற உடம்பு. கை சதை போட்டிருந்தது. அவளுக்கோ எனக்கோ அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தொலைபேசியில் ரிவெட் அளவு, டாலி எடை, காற்றழுத்தம் எல்லாம் பேசியிருந்தோம். அவள் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கையை வெளியே எடுத்து எண்ணெயைத் துணியில் துடைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நாளைக்கே திரும்பிவிடலாம், போனால் போகிறது என்று ஏதோ சொன்னேன். குமரவேல் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"அக்கா, உன் கையக் காட்டு" என்றாள் அஞ்சலை.

எனக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷமாக உடம்பு வற்றிக்கொண்டு வருகிறது. நீட்டினேன். பிடித்துப் பார்த்தாள். தானே என் கையை ஓட்டைக்குள் விட்டாள். தோள் வரை போயிற்று. உள்ளே விரலை விரித்து மடக்க முடிந்தது.

"நீ உள்ள இரு. கன்ன நான் புடிக்கிறேன்."

ஓசூரிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று படிப்பவர் கேட்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. கன் என் கையில்தான் இருக்கும் என்பது காற்றழுத்தம், ரிவெட் அளவு போல மாறாத ஒன்றாக மனதில் இருந்தது. நீ கன் பிடித்ததே இல்லையே என்றேன்.

"யாரு சொன்னா? மத்தியானம் நீ சாப்புடப் போனப்புறம் கழிவுத் தகட்டுல அடிச்சிக்கினுதான் இருந்தேன். மூணு வருசம் உன் அடிய உள்ளருந்து வாங்கிக்கினு இருந்தேன். எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதாக்கா?"

அவள் சொன்னதில் கோபம் இல்லை. காலையில் முதலில் துண்டுத் தகட்டில் அடித்துப் பார்ப்போம், அதைப் பார்த்து முடிவு செய்வோம் என்றேன். அன்று சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். குளிருக்கு இரண்டு போர்வை கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏழுமலையின் கடைக்குப் போனோம். பழைய டயர்களைச் சுவரோரம் தள்ளி ஒரு மேசைக்கு இடம் செய்திருந்தார். காதர் பாய் கொடுத்ததில் இரண்டாவது இணைப்பு சேர்ந்தது. சத்தம் குழந்தையின் காதுக்கு ஆகாது என்பதில் அஞ்சலை கண்டிப்பாக இருந்தாள். குமரவேல் யாழினியைத் தூக்கிக்கொண்டு காட்டைத் தாண்டிக் கரியாலூர்ப் பக்கம் போய்விட்டார், பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வருவதாகப் பேச்சு. நாங்கள் இருவரும் காதுக் கவசம் மாட்டிக்கொண்டோம். கவசம் போட்டபின் பேச்சு கேட்காது. டாலியால் தகட்டைத் தட்டித்தான் பேசுவோம். ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, சரியாயிற்று. மூன்று தட்டு, கெட்டுவிட்டது. நான்கு வருஷமாக அந்தத் தட்டுகளை வெளியிலிருந்து கேட்டவள் நான்.

துண்டுத் தகட்டில் அஞ்சலையின் முதல் ரிவெட் தகட்டைக் குழித்துவிட்டது. இரண்டாவதும் லேசாக. காற்றுத் திருகைக் கொஞ்சம் மூடினாள், காலை அகட்டி நின்றாள், இடது கையால் கன்னின் மூக்கைத் தாங்கினாள். மூன்றாவதிலிருந்து சரியாக விழுந்தது. வரிசையாகப் பத்து அடித்துக் காட்டினாள். நகத்தால் தடவிப் பார்த்தேன். தட்டுப்படவில்லை. அதற்குமேல் மறுக்க எனக்குக் காரணம் இல்லை.

இறக்கை முனையை மேசையில் கட்டினோம். ஏழுமலை ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து ரிவெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வந்து கொடுத்தார். நான் குந்தி உட்கார்ந்து தோள் வரை கையை உள்ளே விட்டேன்.

உள்ளே எதுவும் தெரியாது. டாலியின் முகத்தை ரிவெட்டின் வாலில் வைத்து, அது நேராக இருக்கிறதா என்று விரல் நுனியால் மட்டும் அறிய வேண்டும். பழைய விலாவின் விளிம்பு முழங்கையை அறுத்தது. முதல் அடி விழுந்தபோது எலும்பு வரை அதிர்ந்து டாலி கையிலிருந்து நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தால் வால் சரியாக நசுங்காது. தளர்த்திப் பிடித்தால் வெளியே தகடு குழியும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது. அதை அஞ்சலை எனக்குச் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. ஏழெட்டு ரிவெட்டுக்குப் பிறகு அது கைக்குப் பிடிபட்டது. அவள் அடி சின்னதாக, சமமாக வந்தது. என்னுடையதைவிட மெதுவானது. உள்ளே இருப்பவள் மறுபடி நேர் செய்துகொள்ள இடம் விட்டு அடிக்கிறாள் என்பது புரிந்தது. அப்படி இடம் விட வேண்டும் என்பது கன் பிடித்த எனக்குத் தோன்றியதில்லை.

பாதி வரிசை ஆனபோது குமரவேல் வந்தார். அஞ்சலை கை கழுவிக்கொண்டு பால் கொடுக்கப் போனாள். வெளியே இருந்த ரிவெட்டுகள் வீணாகிவிட்டன, தூக்கிப்போட்டோம். அவள் திரும்பி வந்து தொடர்ந்த மூன்றாவது ரிவெட்டில் என் கை மரத்துப்போய் டாலி சாய்ந்தது. வால் ஒரு பக்கமாக வளைந்ததை விரலால் உணர்ந்தேன். மூன்று முறை தட்டினேன்.

அவள் கன்னை வைத்துவிட்டுக் கவசத்தைக் கழற்றினாள். நான்தான் என்றேன், அவள் தலையசைத்தாள். கெட்ட ரிவெட்டைத் துளைத்து எடுக்க வேண்டும். டிரில் கொஞ்சம் சாய்ந்தால் விலாவின் ரிவெட் ஓட்டை பெரிதாகும். பெரிதானால் இங்கேயே வேலை நின்றுவிடும். டிரில்லை நான் வாங்கக் கை நீட்டினேன். மரத்த விரல்கள் சரியாக மடங்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள்.

"நீ ஒக்காருக்கா. தண்ணி குடி" என்றாள்.

ரிவெட் தலையின் நடுவே புள்ளி குத்தி, கையாலேயே டிரில்லை நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு ஓட்டினாள். தலை மட்டும் வளையம்போல் கழன்று வந்தது. மீதியைச் சின்ன ஆணியால் மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளினாள். ஏழுமலை கைவிளக்கைப் பிடித்தார். ஓட்டையின் அளவு பார்க்கும் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தேன். அது பழைய அளவிலேயே இருந்தது. கம்பியை இன்னொரு முறை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வைத்தேன்.

மூன்று மணி வாக்கில் கடைசி ரிவெட் முடிந்தது. நான் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை உருவினேன். முழங்கையில் விலா வட்டமாகப் பதிந்திருந்தது. அஞ்சலை வரிசை முழுவதையும் நகத்தால் ஒரு முறை தடவினாள். பிறகு கண்ணாடி வைத்து உள்ளே ஒவ்வொரு வாலையும் பார்த்தாள். கன்னைத் துடைத்து எண்ணெய் விட்டு என் பையில் வைக்கும்போதுதான், "வலப்பக்கத்துக்கும் கன்ன நான்தான்க்கா புடிப்பேன்" என்றாள். ஓசூர் போய்ச் சொல்கிறேன் என்றேன். ஏழுமலை இடத்துக்கு வாடகை வாங்க மறுத்தார். கரண்ட் போகாமல் இருந்ததே பெரிசு என்றார்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் இறங்கினேன். கள்ளக்குறிச்சியில் காதர் பாயிடம் சேராத இணைப்புகளைத் திருப்பிக் கொடுத்தேன். வெயில் வந்திருந்தது, மலையில் போட்ட கம்பளிச் சட்டை கனத்தது. ஓசூர் கொட்டகையில் விளக்கு போடும் நேரத்துக்குப் பெட்டியைத் திறந்தோம். பொறியாளர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசையைப் பார்த்தார். இந்த வரிசையில் உங்கள் கை கொஞ்சம் மாறியிருக்கிறதே, நிதானமாக அடித்திருக்கிறீர்கள் என்றார். அடித்தது அஞ்சலை, உள்ளே இருந்தது நான் என்று சொன்னேன். அவர் திரும்பவும் ஒரு முறை பார்த்தார். பாப் ரிவெட் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அன்றே அஞ்சலைக்குப் போன் செய்து கன் உனக்குத்தான் என்றேன். சொல்வதற்கு முன்னால் கஷ்டமாக இருந்தது. சொன்னபின் அவ்வளவாக இல்லை. தை பிறந்ததும் ஒரு மாதம் குழந்தையோடு வருகிறாள். வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மாவும் வருகிறார், குமரவேல் வார இறுதிகளில் வந்து போவார். வெள்ளிமலையில் நாங்கள் வேலை செய்த கடைக்கும் குழந்தை இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு காடே இருந்தது. எங்கள் கொட்டகையைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை. தகரக் கூரை, சத்தம் நான்கு பக்கமும் போகும். அதனால் இந்த ஞாயிறு முழுக்க நான் நடந்தேன். கொட்டகையில் ஒருவர் கன்னை ஓட்ட, நான் ஒவ்வொரு தெருவாக நின்று காது கொடுத்துப் பார்த்தேன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்பை அடுத்து ஒரு வீடு. அங்கே நின்றால் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாழினியும் தங்க, முன்பணம் கொடுத்துச் சாவி வாங்கி வைத்திருக்கிறேன்.